புதுப்பிப்பு: பழைய பாய்மரப் படகு, இந்தக் கோடை

ஏப்ரலில் இங்கே கேட்டிருந்தேன், 14 அடி ஃபைபர் படகுக்குப் புதுப் பாய் வாங்குவதா, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை முதலில் மாற்றுவதா என்று. கம்பிதான் என்று பலரும் சொன்னீர்கள், அதையே செய்தேன். கழற்றிப் பார்த்தால் முனையில் இழைகள் அறுந்து பிசிர் விரலில் குத்துகிறது, தொட்டாலே செம்பழுப்புத் தூள். இப்போது எல்லாம் 316 ரக எவர்சில்வர். மாலிப்டினம் கலந்திருப்பதால் சாதாரண 304 ரகத்தை விட உப்பு அரிப்பைத் தாங்கும், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பழைய பாயையே தைத்து, காற்று ஏறினால் சுருக்கிக் கட்ட பாயில் ஒரு வரிசைத் துளைகளும் போட்டேன், அதுதான் பெரிய மாற்றம். புதுச்சேரியில் கோடையில் மதியத்துக்கு அப்புறம் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று பிடிக்கும். முன்பெல்லாம் படகு ஒரேயடியாகச் சாய்ந்து சுக்கான் கையை இழுக்கும், இப்போது பாயைக் குறைத்ததும் நிமிர்ந்து அதே வேகத்தில் போகிறது. அவ்வளவு சந்தோஷம்!

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடந்ததால் முகத்துவாரத்தில் நெரிசல் இல்லை. ஆனால் அங்கே மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், கடல் நீர் வற்றும் நேரத்தில் அலை உடையும். வீராம்பட்டினத்து அண்ணன் ஒருவர் காட்டிய வழியில், நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் உள்ளே வருகிறேன். சரி, அடுத்த வேலை சுக்கான் ஆணி.