புதுப்பிப்பு: பல்கலைக்கழக மின்னஞ்சலில் பெயரும் மாற்று முகவரியும் சரியாகிவிட்டன

மொரீஷியஸின் போர்ட் லூயியிலிருந்து போன மாதம் கேட்டிருந்தேன்: பல்கலைக்கழக அவுட்லுக் கணக்கில் என் குடும்பப் பெயர் பிழையாக வருகிறது, மாற்று முகவரியிலிருந்து (அதே கணக்கில் இருக்கும் இன்னொரு மின்னஞ்சல் முகவரி) அனுப்பவும் முடியவில்லை என்று. உதவிய எல்லாருக்கும் நன்றி.

"அது நிர்வாகி கையில் இருக்கிறது, அமைப்புகளில் தேடாதீர்கள்" என்றவர் சொன்னதுதான் பலித்தது. அடையாள அட்டை நகலோடு ஐடி பிரிவுக்கு எழுதினேன். குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் இரண்டு 'ஓ' வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஊரில் அது வேறு குடும்பமாகிவிடும். அதைத் திருத்தி, மாற்று முகவரியிலிருந்து அனுப்பும் வசதியையும் திறந்துவிட்டார்கள். அப்புறம் வெப் அவுட்லுக்கில் அமைப்புகள், அஞ்சல், எழுதுதல்-பதிலளித்தல் பகுதியில் அந்த முகவரியை டிக் செய்தேன்.

எதிர்பாராத ஒன்று: அத்தைக்கு மட்டும் பழைய பெயரே தெரிந்தது. அவர் போனில் சேமித்திருந்த தொடர்பைத் திருத்தியதும் சரியானது.