தட்டில் எவ்வளவு, மடியில் எந்தப் புத்தகம்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியவை

அண்ணி: பாப்பாவுக்கு நான்கு வயது முடிந்ததிலிருந்து சாப்பாட்டு நேரம் தினமும் போராட்டமாகவே இருக்கிறது. புதிதாக எந்தக் காயை வைத்தாலும் விரல் நுனியால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வாயை இறுக மூடிக்கொள்கிறாள். இரவிலோ, அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தும், முதுகு கிழிந்துபோன அதே யானைப் புத்தகத்தைத்தான் கொண்டுவந்து மடியில் வைக்கிறாள். இரண்டுக்கும் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

அம்மா: கைபேசியில் ஏதாவது படம் போட்டுக் காட்டி ஊட்டிவிடம்மா. தன்னை அறியாமலே சாப்பிட்டுவிடுவாள். குழந்தையை அரை வயிற்றோடு தூங்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்: அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் தன்னை அறியாமல் சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாமல் போய்விடுமே என்பதுதான் என் பயம். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் பொறுப்பை இரண்டாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவுசெய்ய வேண்டும், சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும்.

அண்ணி, 2 வயதிலிருந்து 6 வயதுவரை புது உணவைக் கண்டு ஒதுங்குவது பெரும்பாலான குழந்தைகளின் இயல்புதான். ஒரு காய் பழகுவதற்கு 8 முதல் 15 முறைகூடத் தட்டில் வர வேண்டியிருக்கும். நாமோ மூன்றாவது முறையிலேயே "இவளுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவளுக்கு ஏற்கெனவே பிடித்த உணவுக்குப் பக்கத்தில் நகத்தளவு துண்டு ஒன்றை வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நீங்கள் சாப்பிடுங்கள். தொட்டுப் பார்த்தாலோ, நக்கிவிட்டுத் திருப்பி வைத்தாலோ அதுவும் முன்னேற்றம்தான்.

அண்ணன்: சாப்பிடாமல் எழுந்துபோய்விட்டு அரை மணி நேரத்தில் பிஸ்கட் கேட்கிறாளே, அப்போது என்ன செய்வது?

நான்: "எப்போது" என்பது நம் பொறுப்பு, அண்ணா. அடுத்த சிற்றுண்டி எத்தனை மணிக்கு என்று கோபமில்லாமல் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் தவறாமல் கொடுத்துவிடுங்கள். காயைச் சாப்பிட்டால் இனிப்பு தருவதாக மட்டும் பேரம் பேச வேண்டாம். காய் தண்டனையாகவும் இனிப்பு பரிசாகவும் அவள் மனத்தில் பதிந்துவிடும். எடை ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அண்ணி: புத்தகத்துக்கும் இதே முறைதானா?

நான்: அதேதான் அண்ணி. அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்பது நம் முடிவு. அதில் எதை, எத்தனை முறை என்பது அவள் முடிவு. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட 3 வயதுக் குழந்தைகள், அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்ட குழந்தைகளைவிட அவற்றை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே யானைப் புத்தகத்தை ஒளித்துவைக்க வேண்டாம். பழக்கமான ஒரு வரியில் நிறுத்தி, மீதியை அவளையே சொல்லவிடுங்கள்.

அலமாரி நிறைய இருப்பதே ஒரு தடையாக இருக்கலாம். எழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு வரிசையாக அடுக்கிய புத்தகங்களின் முதுகு எதையும் சொல்லாது. நாலைந்தை மட்டும் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் அட்டைப்படம் தெரியும்படி வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். வாங்கும்முன் ஒரு பக்கத்தை நீங்களே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்; உங்கள் நாக்கே தடுக்கினால் அந்த நடை அவள் காதுக்கு ஏற்றதல்ல. கடைசிப் பக்கத்தில் அறிவுரையை ஒட்டவைத்த கதைகளை நான் வாங்குவதே இல்லை.

அண்ணி: அத்தை, நாளை மதியம் பாப்பா உங்களிடம்தானே இருப்பாள், உங்களுக்கு இது சம்மதமா?

அம்மா: சரியம்மா, சாப்பிடும்போது கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுகிறேன். தட்டில் முதலில் கொஞ்சமாகவே போடுகிறேன். இன்னும் வேண்டுமென்றால் அவளே கேட்கட்டும்.