கேடம்ப் 43 சதவீதத்தில் செத்துப்போகிறது, என்ன செய்யலாம்?

தாம்வேக்காரன்:
ரங்கூனில் ஒரு கம்பெனியின் சர்வர் அறை என் பொறுப்பு. டெபியன் 12 லினக்ஸ், இரண்டு சாக்கெட் ஜியான் சிபியு, 128 ஜிபி ஈசிசி (பிழை திருத்தும்) ரேம். இந்த மாதம் மூன்று தடவை விழுந்துவிட்டது. திரையில் ஃபேட்டல் மெஷின் செக் (வன்பொருள் கோளாறு என்று சிபியு எழுப்பும் எரர்), உடனே கேடம்ப் கெர்னல், அதாவது விழுந்த கெர்னலின் ரேமைக் கோப்பாக எழுதிவைக்கிற இரண்டாவது கெர்னல், எழும்புகிறது, அந்தக் கோப்பை, டம்பை, எழுதத் தொடங்குகிறது, 43 சதவீதத்தில் மறுபடி மெஷின் செக், ரீபூட். ஒரு தடவை 44, மற்ற இரண்டும் 43. கேடம்புக்கு ஒதுக்கிய 512 எம்பியை 1 ஜிபி ஆக்கியும் மாற்றமில்லை. மேனேஜர் முழு டம்ப்தான் வேண்டும் என்றதால், எந்த ரேம் பக்கங்களை எழுதாமல் விடுவது என்று சொல்லும் டம்ப் லெவலை 31-இலிருந்து 1-க்கு இறக்கியிருக்கிறேன். இங்கே கரண்ட் நாலு மணி நேரம் இருந்தால் நாலு மணி நேரம் இல்லை, ஜெனரேட்டரில் ஏசி ஓடாது, அதனால் சூட்டால்தானோ என்றும் சந்தேகம். கேடம்ப் கெர்னலுக்கு எம்சிஇ=ஆஃப் (மெஷின் செக்கைக் கவனிக்காதே) கொடுத்தால் தாண்டிவிடுமா?

இரவுஷிப்ட்:
கொடுத்துப் பாருங்கள், போனால் ஒரு ரீபூட்தானே.

மோல்மேன்:
தம்பி, வேண்டாம். மெஷின் செக்கை வாங்கிக்கொள்ள கெர்னலில் ஆள் இல்லாவிட்டால் சிபியு ஷட்டவுன் ஆகி போர்டே ரீசெட் ஆகும், இப்போது திரையில் வருகிற அந்த ஒரு வரியும் வராது.

கிட்டத்தட்ட ஒரே இடத்தில் சாவதைப் பாருங்கள். கேடம்ப் கெர்னல் ஓடுவது தனக்கென்று ஒதுக்கிய ரேமில், அதனால் நன்றாகவே எழும்புகிறது. ஆனால் டம்ப் எடுக்கப் பழைய கெர்னலின் பக்கங்களைப் படித்தாக வேண்டும், கெட்ட பக்கமும் அதில் ஒன்று. முதல் கெர்னல் பல்லை உடைத்துக்கொண்ட கல்லையே இரண்டாவதும் கடிக்கிறது. பாய்சன் (கெட்டது) என்று கெர்னல் குறித்த பக்கங்களை, டம்ப் எழுதும் மேக்டம்ப்ஃபைல் தானாகவே விட்டுவிடும், ஆனால் உங்கள் கெர்னல் அப்படிக் குறிக்காமலே பேனிக் ஆகி நின்றுவிடுகிறது போலிருக்கிறது. பேனிக்குக்கு முன் குறித்துவைக்கும் வேலை பின்னால் வந்த கெர்னல்களில்தான் சேர்ந்தது.

அப்படிப்பட்ட கெர்னலுக்கு மாறும்வரை லெவலை 31-க்கே ஏற்றுங்கள். யூசர் பக்கம், கேஷ், காலிப் பக்கம் எதையும் அது தொடாது, கெட்டது அவற்றில் இருந்தால் தப்பித்தீர்கள். கெர்னலின் சொந்தப் பக்கமாக இருந்தால் 31-உம் காப்பாற்றாது. லெவல் 1 என்பது வெறும் பூஜ்யப் பக்கங்களை மட்டும்தான் விடும். மேனேஜர் கேட்ட முழு டம்ப்தான் உங்களைக் கல்லின் மேல் கொண்டுபோய் விடுகிறது.

அப்புறம் ஒன்று கேட்கிறேன், அந்த டம்பில் என்ன தேடப் போகிறீர்கள்? தப்பு கெர்னலில் இல்லையே. மேக்டம்ப்ஃபைலிடம் டிமெசேஜ் (கெர்னலின் செய்தி லாக்) மட்டும் எடுக்கச் சொன்னால் லாக் பஃபரைத்தான் தேடிப் படிக்கும், எரர் அட்ரஸ் அதிலேயே கிடைக்கும். எந்த ரேம் ஸ்லாட் என்பதை பிஎம்சியின் (போர்டைக் கண்காணிக்கும் தனிச் சிப்) ஈவென்ட் லாக் சொல்லும், ஐபிஎம்ஐடூல் கட்டளையில் அதைப் படிக்கலாம். அந்த ரேம் ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். எரர் கூடவே போனால் ஸ்டிக், அங்கேயே நின்றால் ஸ்லாட் அல்லது சிபியு.

தாம்வேக்காரன்:
நன்றி அண்ணா. ஈவென்ட் லாகை நான் முன்பே பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டிருந்தேன். சர்வர் விழுந்தது மதியம் 2:10, லாகில் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை. இன்றுதான் உறைத்தது, பிஎம்சி கடிகாரம் யுடிசியில் ஓடுகிறது, நமக்கும் அதற்கும் ஆறரை மணி நேரம். 7:40-இல் பார்த்தால் பி2 ஸ்லாட், திருத்த முடியாத ஈசிசி எரர். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அதே பி2-வில் திருத்தப்பட்ட எரர்கள் வரிசையாக இருக்கின்றன. சூடு என்று நினைத்து ஜெனரேட்டர்காரரிடம் சண்டை போட்டதுதான் மிச்சம்.

பி2 ஸ்டிக்கை ஏ2-வில் மாற்றினேன், நேற்று இரவு திருத்தப்பட்ட எரர்கள் ஏ2-வில் வர ஆரம்பித்துவிட்டன. கழற்றியாயிற்று. புதியதை பாங்காக்கிலிருந்து தெரிந்தவர் ஒருவர் கையில் கொண்டுவருகிறார். மேனேஜருக்கு டம்ப் இல்லை, ஈவென்ட் லாக்கை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை.