செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: தண்டையார்பேட்டை பக்கம் யாராவது உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே, என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் கார். முந்தாநாள் இரவு மழையில் வியாசர்பாடி பக்கம் தேங்கியிருந்த தண்ணீரில் மெதுவாகத்தான் ஓட்டி வந்தேன், வீடு வரை ஒழுங்காக வந்தது, காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவே இல்லை.

பேட்டரி 12.5 வோல்ட். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு வினாடி ஓடி நிற்கிறது, காதை வைத்தே கேட்டேன். ஏர் ஃபில்டர் நனையவில்லை, அதுவரை நிம்மதி. ஆனால் பிளக்கைக் கழற்றினால் நுனி காய்ந்து கிடக்கிறது, பெட்ரோல் வாசனையே இல்லை, ஸ்பார்க்கும் வரவில்லை. அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் துளிகூட அசையவில்லை.

எனக்கு கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்) மேல்தான் சந்தேகம். தெரு மெக்கானிக் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கூடப் போடாமல் ஈசிஎம் (அந்த இன்ஜின் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்கிறார், மனசு ஒப்பவில்லை. சென்சார் கனெக்டரைக் கழற்றிக் காயவைத்தால் போதுமா, மல்டிமீட்டரில் எப்படிச் சோதிப்பது? ஸ்கேனரோடு வீட்டுக்கே வரும் எலக்ட்ரீஷியன் ராயபுரம், கொருக்குப்பேட்டை பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும், அவரால் ஆட்டோ குலுக்கல் தாங்க முடியாது.