மெம்ஃபிஸில் வீடு பிடிக்கும் முன் பள்ளி எல்லையைப் பாருங்கள்

கேள்வி: ஜூலையில் சென்னையிலிருந்து அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் வருகிறோம். மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. ஒருவர் காலியர்வில்லில் வீடு பார் என்கிறார், இன்னொருவர் ஜெர்மன்டவுன் என்கிறார்; இரண்டும் புறநகர் ஊர்களாம். மூன்றாமவர், "பள்ளிகளைச் சேர்த்தார்கள், பிரித்தார்கள், அது பெரிய கதை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். ஒரு கவுண்டிக்குள் (நம் மாவட்டம்போல்) எத்தனை பள்ளி நிர்வாகம்தான் இருக்கும்?

பதில்: ஏழு, தம்பி. மெம்ஃபிஸ் இருக்கும் ஷெல்பி கவுண்டி ஒன்றுக்குள்ளேயே ஏழு. நம் ஊர் அரசுப் பள்ளிபோல் எல்லாவற்றையும் சென்னையிலிருந்து நடத்துகிற கதை இங்கே இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம், அதற்குத் தேர்தல், பின்னால் உள்ளூர் வரிப்பணம்.

முதலில் நான் ஏமாந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 2014 கோடையில், ஜெர்மன்டவுன் பார்க்வே சாலையை ஒட்டி ஒரு வீடு. சாலையின் பெயரே ஜெர்மன்டவுன், தரகரும் தலையாட்டினார், ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். பள்ளியில் சேர்க்கப் போனால், அங்கிருந்த அம்மா முகவரிச் சான்றாக நான் நீட்டிய பில்லைப் பார்த்துச் சிரித்தார். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்றும் ஒரே பில்லில் இருந்தன. "ஜெர்மன்டவுனில் தண்ணீர் அந்த ஊர் நகராட்சி தருவது. நீங்கள் இருப்பது கார்டோவா, மெம்ஃபிஸ் நகர எல்லை" என்றார். அந்தப் பெயரில் சாலை ஓடுகிறதே தவிர, அதன் பெரும்பகுதி அந்த ஊருக்குள் இல்லை!

இந்தக் கோடுகள் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் அந்தப் பெரிய கதைதான். முன்பு நகரத்துக்கு ஒரு நிர்வாகம், சுற்றியிருந்த கவுண்டிப் பகுதிக்கு ஒன்று. கவுண்டி வரி மாணவர் எண்ணிக்கைப்படி இரண்டுக்கும் பிரியும். 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி மாநிலத்தில் வலுப்பெற்றதும், புறநகர் நிர்வாகம் தனி அந்தஸ்து வாங்கிக்கொண்டு வரிப்பணத்தோடு விலகிவிடும் என்று மெம்ஃபிஸ் பயந்தது. முந்திக்கொள்ள வழி தேடி, 2010 டிசம்பர் 20 அன்று நகர வாரியம் 5-4 என்ற வாக்கில் தன்னைத்தானே கலைத்துக்கொள்ள முடிவெடுத்தது. கலைந்தால் நகரப் பிள்ளைகள் எல்லோரும் கவுண்டியின் பொறுப்பு. மார்ச் 2011-ல் நகர வாக்காளர்களும் சரி என்றார்கள்.

துணிச்சலான காய்நகர்த்தல்தான். ஆனால் மாநிலச் சட்டமன்றம் அதற்குள் நாரிஸ்-டாட் சட்டத்தைக் கொண்டுவந்து இணைப்பை 2013 வரை தள்ளிவைத்தது. கூடவே, புறநகர் ஊர்கள் தனிப் பள்ளி நிர்வாகம் தொடங்கவும் கதவைத் திறந்துவிட்டது. நான் 2012-ல் வந்தபோது வீட்டு முற்றங்களில் எல்லாம், தனி நிர்வாகம் வேண்டுமா என்ற புறநகர் வாக்கெடுப்புக்கான பலகைகள். நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது; 2013-ல் மறுபடி வாக்களித்தார்கள். சுமார் 1,50,000 பிள்ளைகளோடு ஒன்றான நிர்வாகம் ஒரே ஒரு கல்வியாண்டு நின்றது. ஆகஸ்ட் 2014-ல் ஆர்லிங்டன், பார்ட்லெட், காலியர்வில், ஜெர்மன்டவுன், லேக்லேண்ட், மில்லிங்டன் ஆறும் விலகிக்கொண்டன. நகரத்தோடு மிஞ்சிய கவுண்டி நிர்வாகம்தான் ஏழாவது.

கூட்டங்களில் வரி, நிர்வாகம் என்றுதான் பேசுவார்கள்; அடியில் ஓடுவது இனப் பிரச்சினையும்தான். நகரப் பள்ளிகளில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். 1973-ல் இனம் கலக்கப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்ப நீதிமன்றம் உத்தரவிட்டபோது வெள்ளையர்கள் ஆயிரக்கணக்கில் நகரப் பள்ளிகளை விட்டுப் போனார்கள். அந்த நினைவு இன்னும் பச்சையாக இருக்கிறது. அலுவலகத்தில் இந்தப் பேச்சு வந்தால் புதிதாக வந்தவர் காது கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொரு வேடிக்கை: ஜெர்மன்டவுன் ஊர் நடுவே, அதன் பெயரையே தாங்கிய மூன்று பள்ளிகளைப் பிரிவினையின்போது கவுண்டி நிர்வாகம் விடவில்லை. 2022-ல் மாநிலம் சட்டம் போட்ட பிறகுதான் அவற்றிலிருந்து கவுண்டி வெளியேற உடன்பாடு வந்தது, அதுவும் படிப்படியாக. ஆகவே பெயரையும் நம்பாதீர்கள், தபால் முகவரியையும் நம்பாதீர்கள். காலியர்வில் என்று தபால் வரும் வீடுகளில் சில ஊர் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. வீட்டு எண்ணைச் சொல்லி, எந்தப் பள்ளி என்று நிர்வாகத்திடமே கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: அப்படியானால் நகரப் பள்ளிகள் வேண்டவே வேண்டாமா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. ஒயிட் ஸ்டேஷன் உயர்நிலைப் பள்ளி மெம்ஃபிஸ் நகரத்தில், அந்த ஏழாவது நிர்வாகத்துடையதுதான். நம்மவர்கள் பலர் விரும்பிச் சேர்க்கிறார்கள். அதுபோன்ற சிறப்புத் திட்டப் பள்ளிகளுக்கு விண்ணப்பம் கொடுக்கப் பெற்றோர் கூடாரம் அடித்து இரவெல்லாம் காத்துக்கிடந்த காலமும் உண்டு. அது சரி, மகளின் பிறந்தநாள் என்று? டென்னசியில் பொதுவாக ஆகஸ்ட் 15-க்குள் ஐந்து நிறைந்தால்தான் கிண்டர்கார்டன்.

கேள்வி: ஆகஸ்ட் 19.

பதில்: நான்கு நாள்! அப்படியானால் இந்த வருடம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் இருங்கள். ஒப்பந்தம் மட்டும் அடுத்த ஜூலைக்குள் முடியும்படி போடுங்கள்; இங்கே பள்ளி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும்.