லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு: பெரியம்மாவுடன் பார்த்த கோட்டைகளும் தோட்டங்களும்

பிரான்சில் லுவார் பக்கம் போகிறேன் என்றால் எல்லாரும் முதலில் சொல்வது ஷாம்போர் கோட்டை. பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. முதலாம் பிரான்சுவா மன்னர் 1519-இல் வேட்டை மாளிகையாகக் கட்டத் தொடங்கியது. 282 கணப்படுப்புகள், ஏறுகிறவரும் இறங்குகிறவரும் எதிரெதிரே வராத இரட்டைச் சுழல் படிக்கட்டு, தோப்பும் காடும் உள்ளடங்க 32 கிலோமீட்டர் நீள மதில். ஆனால் அந்த மன்னர் தன் ஆட்சிக்காலம் முழுவதிலும் அங்கே தங்கியது சில வாரங்கள்தான். உள்ளே நடந்தால் அது நன்றாகவே தெரிகிறது. கூடம் கூடமாகப் போய்க்கொண்டே இருக்கிறோம், யாரோ குடியிருந்து புழங்கிய வீடு என்றே தோன்றவில்லை. படிக்கட்டையும் மொட்டைமாடியில் இருக்கும் கோபுரக் கூட்டத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். என் மனதில் இன்றும் நிற்பவை ஷெனோன்சோ, வில்லாந்த்ரி என்ற இரண்டு கோட்டைகள்தான்.

ஷெனோன்சோ இருப்பது லுவாரில் வந்து கலக்கும் ஷேர் ஆற்றில். கரையில் இல்லை, ஆற்றின் மேலேயே. தூர் நகரத்திலிருந்து உள்ளூர் ரயிலில் அரைமணி நேரம், இறங்கினால் கோட்டை வாசல் நடக்கும் தூரம். கார் இல்லாதவர்களுக்கு இதைவிட வசதியான கோட்டை இந்தப் பகுதியில் கிடையாது.

இதன் கதை முழுக்கப் பெண்களின் கதை. தொமா பொயியே என்ற அரசு அதிகாரி 1513-இல் இந்த இடத்தை வாங்கினார். அவர் இத்தாலியப் போர்களுக்குப் போய்விட, கட்டட வேலையை மேற்பார்த்து முடித்தது அவர் மனைவி கத்ரீன் பிரிசோனே. அப்போது பெரும்பாலான கோட்டைகளில் சுழல் படிக்கட்டுதான். நேராக ஏறும் படிக்கட்டைப் பிரான்சில் முதன்முதலில் வைத்த இடங்களில் இதுவும் ஒன்று. அப்புறம் இரண்டாம் ஆன்றி மன்னர் தன் காதலி தியான் த புவாத்தியேவுக்கு இதைக் கொடுத்தார். ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியது தியான் காலத்தில். 1559-இல் மன்னர் இறந்ததும், அரசி கத்ரீன் த மெதிசி தியானிடமிருந்து கோட்டையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஷோமோன் கோட்டையைக் கொடுத்து அனுப்பினார். அதே பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பியதும் அவர்தான். இருவர் பெயரிலும் கோட்டையின் இருபுறம் தோட்டங்கள் இருக்கின்றன. தியானின் தோட்டம் பெரியது, வெள்ளம் ஏறாமல் இருக்கக் கல்மேடை கட்டி உயர்த்தியது. கத்ரீனின் தோட்டம் சிறியது. எனக்குச் சிறியதுதான் பிடித்தது. அங்கிருந்து பார்த்தால் பாலத்தின் வளைவுகள் எல்லாம் ஒருசேரத் தெரிகின்றன.

அந்த நீளக் கூடம்தான் என்னை அசைத்தது. நான் பாரிஸ் புறநகரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். முதல் உலகப் போரின்போது அப்போதைய உரிமையாளர் காஸ்தோன் மெனியே, சாக்லேட் ஆலைக் குடும்பத்தவர், தன் சொந்தச் செலவில் இந்தக் கூடத்தை ராணுவ மருத்துவமனையாக்கினார். 2,000-க்கும் மேற்பட்ட காயம்பட்ட வீரர்கள் இங்கே சிகிச்சை பெற்றார்கள். தலைமைச் செவிலியாக நின்றது அவர் மருமகள் சிமோன் மெனியே. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. இரண்டு பக்கமும் ஜன்னல்கள், கீழே ஆறு. நான் மனதுக்குள் கட்டில்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஜன்னல் இடுக்கிலும் ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம்; வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் குறைவில்லை. நான் வேலை பார்க்கும் வார்டில் பாதிக் கட்டில்களுக்கு இந்த வெளிச்சம் கிடையாது.

கூடத்தின் மறுகோடியில் ஒரு கதவு. அங்கே நின்றிருந்த ஒரு பிரெஞ்சுப் பாட்டி, நாங்கள் அதையே பார்ப்பதைக் கண்டு தானாகவே பேச ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரில் இந்த ஷேர் ஆறுதான் எல்லைக்கோடு. கோட்டையின் முன்வாசல் ஜெர்மானியர் பிடித்திருந்த பகுதியில், இந்தக் கதவு அவர்கள் பிடிக்காத எதிர்க்கரையில். இந்த வழியாகத் தப்பிப் போனவர்கள் உண்டு. பெரியம்மாவுக்கு நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். “இவங்க அப்ப குழந்தையா இருந்திருப்பாங்களே, கேளுடி” என்றார். கேட்டேன். ஆமாம், ஆற்றுக்கு வடக்கே ஒரு கிராமம், தென்கரையில் இருந்த தாத்தா வீட்டுக்குப் போக அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது என்றார்.

மறுநாள் வில்லாந்த்ரி. தூர் நகரத்துக்கு மேற்கே, காரில் அரைமணி நேரம். 1906-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவ ஆராய்ச்சியாளர் ஹோவாகின் கர்வாயோவும் அவருடைய அமெரிக்க மனைவி ஆன் கோல்மனும் கோட்டையை வாங்கியபோது, பழைய தோட்டம் அழிந்து, ஆங்கிலேயப் பாணிப் பூங்காவாக மாறியிருந்தது. கையில் இருந்த பணத்தையெல்லாம் போட்டு மறுமலர்ச்சிக் காலத் தோட்டத்தை மீட்டது அவர்கள்தான். கோட்டைக்குள் நேரம் செலவழிக்க வேண்டாம், நேராக மாடிக்கோ மேல்தளத்துக்கோ போய்த் தோட்டத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குங்கள்.

கீழ்த்தளத்தில் இருப்பது காய்கறித் தோட்டம். ஒரே அளவில் ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வேறுவேறு கோலம். பூவுக்குப் பதில் ஊதா முட்டைக்கோஸ், பீட்ரூட், கேரட் தழை, வெங்காய இனமான லீக்ஸ். ஆண்டுக்கு இரண்டு நடவு. வசந்தத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. காரைக்காலில் வீட்டுக் கொல்லையில் காய் போட்டே பழகிய பெரியம்மா, ரோஜா வளைவுகளையெல்லாம் விட்டுவிட்டுப் பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்த்தார். ஒரு சதுரத்தில் மிளகாய் காய்த்திருந்தது. அதன் அருகில் களையெடுத்துக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம், “அடுத்த வருஷமும் இங்கயே மிளகாயா?” என்று கேட்கச் சொன்னார். இல்லை, தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம், ஒன்று இருந்த மண்ணில் உடனே மற்றதை வைக்க மாட்டோம், ஒவ்வொரு குடும்பத்தையும் வேறு பாத்திக்கு மாற்றிக்கொண்டே இருப்போம் என்றார் அவர். “அதானே, மண்ணு சத்து செத்துப்போகுமே” என்றார் பெரியம்மா. நான் அதை மொழிபெயர்த்ததும், அந்த மனிதர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு எங்களோடு அடுத்த சதுரம்வரை நடந்து வந்து, வேர்க்காய்கள் எங்கே, அவரை வகை எங்கே என்று காட்டினார்.

போகிறவர்களுக்கு ஒன்று. ஒரே நாளில் மூன்று கோட்டை காட்டுகிறோம் என்கிற வேன் பயணங்களில் ஒரு தோட்டத்துக்கு முக்கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. வயதானவர்களோடு போனால் அதுவும் நடையிலேயே போய்விடும். தூர் நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு நாளுக்கு ஒன்று என்று போங்கள். காய்கறிப் பாத்திகளின் நிறம் நன்றாக ஏறியிருப்பது ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். பூசணி அப்போதுதான் பழுத்துக் கிடக்கும்.