அட்லாண்டிக் நடுவே ஆல்டோ பாடினேன்

க்வீன் மேரி 2 கப்பலில் போய்விட்டு வந்தோம் என்றால் எல்லோரும் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் சொல்ல ஆசைப்படுவது அந்தக் கப்பலில் பயணிகளே சேர்ந்து பாடும் கொயரைப் பற்றி.

இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் ஏறினால் நியூயார்க் வரை பெரும்பாலும் 7 இரவுகள். நடுவில் துறைமுகமே கிடையாது, சுற்றிலும் தண்ணீர்தான். ராத்திரி கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் 'கொயர், யாரும் வரலாம்' என்று ஒரு வரி இருந்தது. அம்மாவையும் கணவரையும் டீயோடு விட்டுவிட்டுப் போய் நின்றேன்.

ஐம்பது அறுபது பேர் இருக்கும். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். குரல் தேர்வெல்லாம் இல்லை. நடத்துநர் ஓர் இளைஞர். உதட்டைப் படபடவென்று அடிக்கவிட்டு, வாயை மூடி முனகவிட்டு, கீழிருந்து மேலே சைரன் மாதிரி குரலை இழுக்கவிட்டு, கால் மணி நேரம் குரலைப் பதப்படுத்தினார். அப்புறம் நாலாகப் பிரித்தார். மேல் குரல் பெண்கள் சொப்ரானோ, கீழ்க் குரல் பெண்கள் ஆல்டோ, ஆண்களில் டெனர், பேஸ். நான் ஆல்டோ வரிசையில் நின்றேன்.

சின்ன வயதில் பாட்டு கிளாஸுக்குப் போன நமக்கு, சேர்ந்து பாடுவது என்றால் எல்லோரும் ஒரே ஸ்வரத்தில் நிற்பதுதான். இங்கே அது கிடையாது. பாட்டின் மெட்டு சொப்ரானோவிடம் போய்விடும். ஆல்டோவுக்கு அதற்குக் கீழே வேறொரு வழி. இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றி வரும். தனியாகக் கேட்டால் இது ஒரு பாட்டா என்று தோன்றும். காது சும்மா இருக்காமல் மெட்டின் பின்னாலேயே ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலையே. பாளையங்கோட்டை, நாகர்கோவில் பக்கம் சி.எஸ்.ஐ. கோயில் கொயரில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. எனக்குப் புதிது.

எனக்கு மேற்கத்திய ஸ்வரக்கோடு வாசிக்கத் தெரியாது. அதனால் பாட்டுத் தாளில் ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே பென்சிலால் 'க க ரி ஸ' என்று தமிழில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் நின்றிருந்த அம்மையாருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வேல்ஸில் ரோண்டா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். என் தாளை எட்டிப் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டார். ஸ, ரி, க, ம என்று பாடிக் காட்டினேன். அவர் என் பென்சிலை வாங்கித் தன் தாளில் d, r, m என்று மூன்று எழுத்து எழுதி, டோ, ரே, மீ என்று அதே சுருதியில் பாடினார். "எங்கள் சேப்பலில் நாங்கள் இப்படித்தான் படித்தோம்" என்றார். சேப்பல் என்றால் அவர்கள் ஊர்ச் சின்னத் தேவாலயம்.

டானிக் சோல்ஃபா என்பது அந்த முறையின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் சாரா குளோவர் என்ற ஆசிரியை வகுத்தது, ஜான் கர்வென் என்ற பாதிரியார் ஊரெங்கும் பரப்பியது. நம் ஷட்ஜம் (ஸ) போலவே அவர்களின் 'டோ'வையும் எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் இதை வைத்துத்தான் நாலு குரல் பாட்டைக் கற்றுக்கொண்டு சேப்பல்களை நிறைத்தன. அதன் பிறகு ஒவ்வொரு ஒத்திகையிலும் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில்தான். நான் தடுமாறும் இடம் வரும்போது முழங்கையால் லேசாக இடித்து, தன் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார். நான் பிடித்துக்கொண்டதும் இறக்கிவிடுவார்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று மூச்சு. ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடிக்கும் கார்வையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்காத நேரம் பார்த்து நாம் எடுக்க வேண்டும். வார்த்தை நடுவில் எடுத்தாலும் பரவாயில்லை, திரும்பச் சேரும்போது மெதுவாகச் சேர வேண்டும். வார்த்தைக் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றிரண்டு பேர் சொன்னால் போதும், இல்லாவிட்டால் அறை முழுக்கச் சீறல்தான் கேட்கும்.

ஒரு நாள் கடல் கொஞ்சம் கொந்தளிப்பாக இருந்தது. கப்பலின் நீளம் 345 மீட்டர், ஆட்டத்தைக் குறைக்கப் பக்கவாட்டில் மீன் துடுப்பு மாதிரித் தகடுகளும் உண்டு. ஆனாலும் தரை மெல்லச் சாய்வது காலுக்குத் தெரியும். காலை அகட்டி, முழங்காலை விறைக்காமல் நிற்கச் சொன்னார் நடத்துநர். அன்றைக்குக் கப்பலோட்டிகளின் பழைய பாட்டு ஒன்றை எடுத்தோம். பாய்மரக் கயிறு இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்லி அந்த அழுத்தத்தில் இழுப்பார்கள். நம் மீனவர்களின் அம்பாப் பாட்டும் அதே வேலைக்குப் பிறந்ததுதானே! வரிசையோடு உடம்பு சாய்ந்து நிமிர, 'ஏலேலோ' என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

கடைசி நாள் மதியம் கிராண்ட் லாபியில் பாடினோம். மாடிப்படியிலும் மேல்தளக் கைப்பிடியோரமும் கூட்டம். கடைசிப் பாட்டின் முடிவில் பேஸ் ஷட்ஜம், டெனர் பஞ்சமம் (ப), நாங்கள் காந்தாரம் (க), சொப்ரானோ மேல் ஷட்ஜம். நாலும் சரியாகப் பொருந்திய அந்த நொடியில் நெஞ்செலும்பு அதிர்ந்தது. என் குரல் எது, அந்த வேல்ஸ் அம்மையாரின் குரல் எது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பாட்டில் இவ்வளவு பெரிய சந்தோஷம் இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கிட்டே வந்து, "ஏண்டி, உன் குரல் தனியாக் கேட்கவே இல்லையே?" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த அம்மையார் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்படியானால் உங்கள் பெண் நன்றாகப் பாடியிருக்கிறாள்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். முதல் ஒத்திகையையே தவறவிடாதீர்கள், குரல் பிரிப்பது அன்றைக்குத்தான். கப்பல் ஏசியில் தொண்டை வறண்டுவிடும், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். முடிந்தால் நியூயார்க் போகும் திசையில் டிக்கெட் எடுங்கள். வழியில் ஐந்து இரவு, இரவுக்கு ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், அதனால் நன்றாகத் தூங்கி எழுந்து தெளிந்த குரலோடு பாடலாம்.